நாற்பத்தேழாவது மூட்டை

வியாழனும் ஞாயிறும் வடுகபட்டியில் பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைக் கிராமங்களிலிருந்து இறங்கும் மலைப்பூண்டு, வடக்கேயிருந்து லாரியில் வரும் பூண்டு என்று கமிஷன் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. அப்படி ஒரு கடையில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர் அவர். எடை, விலை, கமிஷன் எல்லாமே மனக்கணக்குதான். கால்குலேட்டரைத் தொடுவது கௌரவக் குறைச்சல்!

மனைவி போன பிறகு அந்தக் கணக்கு தடுமாறியது. வாசலில் யாராவது ஒரு பெண் அவள் மாதிரிச் சிரித்தால் போதும், நாற்பத்தேழாவது மூட்டையில் இருந்தவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. மகள் மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். மனச்சோர்வு என்றார். இரண்டு முறை மாத்திரை மாற்றியும் சரிவரவில்லை. "தலையில காந்தம் வெச்சுத் தூண்டிப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

"கரண்ட் வைக்கப்போறாங்களா தாயி?" என்றார் மகளிடம், மெதுவாக. சினிமாவில் பார்த்த பயம்.

அது வேறு, இது வேறு. இதில் மயக்க ஊசி கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, முழு நினைவோடு செய்துகொள்வது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு 1985-ல் செய்துகாட்டிய முறை. 2008-ல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது. பெங்களூரு நிமான்ஸிலும் உண்டு. தலைக்குள் உலோக கிளிப் இருப்பவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் மட்டும் ரொம்ப யோசிப்பார்கள்.

இடது நெற்றிக்கு மேலே, மூளையின் முன்பகுதியில் ஓரிடம். எண்களை நழுவவிடாமல் பிடித்துவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. உள்ளே ஆழத்தில், பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா. பயமோ துக்கமோ குறுக்கிட்டால் இது எழும்பும், முன்பகுதி அடங்கும். ஏலக்காரர் குரலில் கணக்குப்பிள்ளை குரல் அமுங்கிப்போகிற மாதிரிதான். மனச்சோர்வில் அந்த முன்பகுதி சோம்பிக்கிடக்கிறது என்று கருதித்தான் அங்கே தட்டுகிறார்கள்.

தட்டல்தான் உண்மையில்! மரங்கொத்தி கொத்துகிற சத்தம். முதல் நாள் தலைவலி. வாரம் ஐந்து நாள், நான்கு வாரம், மகள் வீட்டிலேயே தங்கினார்.

பிளஸ் டூ படிக்கும் பேரனுக்கு ஓர் ஆசை வந்தது. "ஆன்லைன்ல ஹெட்செட் விக்குது தாத்தா, போட்டா கவனம் கூடுமாம்." மகள் விட்டாள் ஒரு டோஸ். அவள் கோபம் நியாயம்தான். நன்றாக இருப்பவர்களின் தலையில் லேசான மின்சாரம் செலுத்திப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் இன்னும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்துபார்த்துத் தோலைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

மூன்றாவது வாரத்தில் தூக்கம் வந்தது. காந்தமா, மகள் கைச் சோறா, பேரனோடு ராத்திரி பேசிய பேச்சா? "எல்லாம் சேர்ந்துதான்யா இருக்கும்" என்றார் டாக்டர். பிரித்துச் சொல்ல முடியாததை ஒப்புக்கொண்ட அந்த மனுஷர் மேல் அவருக்கு மரியாதை கூடிவிட்டது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை வாசலில் அதே மாதிரி ஒரு சிரிப்பு. நிமிர்ந்தார். கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டு, மூட்டை தூக்கும் பையனைப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு. அடுத்ததை ஏத்துப்பா."