வளைவில் கூடும் பாரம்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எனக்கு அப்போது எட்டு வயது. கிணறு வெட்டும் வேலையிலிருந்த அப்பாவுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு போனேன். வாளியைத் தலைக்கு மேலாகச் சுற்றினாலும் கஞ்சி சிந்தாது என்பது எங்கள் தெருப் பிள்ளைகளின் வித்தை. வேகமாகச் சுற்றச் சுற்றக் கை கனத்தது. திடீரென்று கைப்பிடி கழன்றது. கஞ்சி மண்ணுக்குப் போயிற்று. அன்று மாலைவரை அப்பா வெறும் வயிற்றோடு மண் சுமந்தார்.

கல்லூரி நூலகத்தில் இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பற்றிப் படித்தபோது அந்த வாளி மீண்டும் என் கண்முன் வந்து நின்றது.

விமானத்தைத் தாங்குவது இறக்கையைத் தழுவி ஓடும் காற்று. வேகம் குறைந்தால் விமானி மூக்கை மேலும் உயர்த்தவேண்டும். ஓர் எல்லைக்கு மேல் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டெனக் குறையும். இதுவே 'ஸ்டால்'. ஆனால் அது நேரும் வேகம் மாறாத எண் அன்று. 60 பாகை சாய்ந்து, உயரம் இழக்காமல் வளையும் விமானத்தின் இறக்கை இருமடங்குப் பாரம் சுமக்கிறது. பாரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஸ்டால் வேகமும் உயர்கிறது. நேராகப் பறக்கையில் மணிக்கு 75 மைலில் ஸ்டால் ஆகும் விமானம், நான்கு மடங்குப் பாரத்தில் 150 மைலிலேயே ஸ்டால் ஆகிவிடும்!

1940-இல் இங்கிலாந்தின் வானில் மோதிய இரு விமானங்களைப் பாருங்கள். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109. எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஸ்பிட்ஃபயரின் இறக்கைப் பரப்பு 242 சதுர அடி. மற்றதற்குச் சுமார் 175. ஆகவே ஒரு சதுர அடி இறக்கை சுமக்கும் எடை முன்னதில் ஏறக்குறைய 25 பவுண்டு, பின்னதில் 32. சிறிய வட்டத்தில் வளைய வல்லது ஸ்பிட்ஃபயரே. ஸ்டால் நெருங்கும்போது உடல் அதிர்ந்து விமானியை எச்சரிக்கும் நற்குணமும் அதற்கு உண்டு. மெஸ்ஸர்ஷ்மிட்டின் இறக்கை முனையில் தாமே திறக்கும் பட்டைகள் ஸ்டாலைத் தள்ளிப்போட்டன. ஆனால் இறுக்கமான வளைவில் அவை திறக்கும்போது விமானம் உதறிக் குறி தவறியது.

அப்படியானால் ஸ்பிட்ஃபயர் எப்போதும் தப்பியதா? இல்லை. பிடிபட்ட ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டை ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் பறக்கவிட்டுச் சோதித்தவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். சில ஸ்பிட்ஃபயர் விமானிகள் ஸ்டாலுக்கு அஞ்சி வளைவை இறுக்காமலே விட்டார்கள். எதிரி அவர்கள் வாலை விடாமல் தொடர்ந்தான். இறக்கையில் வலிமை மிச்சமிருந்தது. அச்சம் அதைப் பயன்படுத்த விடவில்லை.

இதைப் படித்தபோது என்னையே படித்ததுபோல் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு இயற்பியல் மன்றத்தில் பேச அழைத்தபோது, தவறிவிடுவேனோ என்றஞ்சி மறுத்துவிட்டேன். இவ்வாண்டு இதே பொருளைப் பற்றிப் பேசினேன். கால்கள் நடுங்கின, ஆனால் விழவில்லை.

கஞ்சி கொட்டிய மறுநாள் அப்பா என்னை அடிக்கவில்லை. கைப்பிடிக்குப் புதுக் கம்பி முறுக்கிக்கொண்டே சொன்னார்: "சுத்து, வேணாங்கல. பிடி எவ்வளவு தாங்கும்னு பாத்துச் சுத்து."

பள்ளிக்கூடம் அறியாத அப்பா சொன்ன அந்தச் சொல்லின் பொருள் எனக்கு இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.