விதைநெல்லும் ஒரு குட்டி ஃபைலும்

எங்க பள்ளிக்கரணை பக்கம் பழைய வீட்டு பீரோ எதைத் திறந்தாலும், துணிக்கு அடியில நாலஞ்சு டிவிடி கிடக்கும். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஆடி மாசம் கூழ் ஊத்தினதுன்னு. நடுவுல மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு வித்த சினிமா விசிடியும் ஒண்ணு ரெண்டு இருக்கும். போட்டுப் பார்க்கத்தான் பிளேயர் இல்ல. இப்ப வர்ற லேப்டாப்புலயும் டிஸ்க் போடுற இடமே கிடையாது.

ஊர் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கு. தென்சென்னை ஏரித் தண்ணியில பெரும்பகுதி இங்க வந்துதான் ஒக்கியம் மடுவு வழியா கடலுக்குப் போகணும். 2015 டிசம்பர்ல எத்தனையோ வீட்டு போட்டோ ஆல்பம் கூழாப் போனதைப் பார்த்தாச்சு. அதனால இந்த மழைக்கு முன்னாடி, வெளியில மாட்டுற டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கி, அக்கா மகனைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்த உட்கார்ந்தேன்.

முதல்ல தங்கச்சி கல்யாண டிவிடி. காப்பி பண்ணித் திறந்தா, படம் ஒண்ணு, ஃபைல் பதினைஞ்சு!

"மாமா, இதுல பாதி குப்பை. டெலிட் பண்ணிடவா?"

"இருடா மாப்ள, எது எதுக்குன்னு பார்த்துட்டு அழிப்போம்"னேன்.

பார்த்ததை உங்களுக்கும் சொல்றேன். உங்க வீட்டு அலமாரியிலயும் இதே டிஸ்க் இருக்கும்.

'ஆடியோ டிஎஸ்'னு ஒரு ஃபோல்டர். உள்ள ஒண்ணுமே இருக்காது. டிவிடி ஆடியோன்னு வேற ஒரு வகை பாட்டு டிஸ்க்குக்காக வெச்ச இடம். தாராளமா அழிக்கலாம்.

'வீடியோ டிஎஸ்' ஃபோல்டர்லதான் சரக்கு. அதுல பெரிசு பெரிசா இருக்கிற வி.ஓ.பி. ஃபைல்கள்தான் படமும் சத்தமும். ஒண்ணு 1 ஜிபியைத் தாண்டக்கூடாதுங்கிறது டிவிடி விதி. அதனாலதான் ஒரே கல்யாணம் நாலு துண்டா நிக்குது. ஐ.எஃப்.ஓ.ங்கிறது கணக்குப்பிள்ளை மாதிரி. எந்தத் துண்டு முதல்ல, எந்தக் காட்சி எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்றது அதுதான். அதை அழிச்சாலும் துண்டுகள் தனித்தனியா ஓடும், ஆனா மெனுவும் வரிசையும் போயிடும்.

மிச்சம் இருக்கிறது பி.யு.பி. அது அந்த ஐ.எஃப்.ஓ.வோட அச்சு அசல் நகல். டிஸ்க்குல ஐ.எஃப்.ஓ. படத்துக்கு முன்னாடி இருந்தா, இது படத்துக்குப் பின்னாடி இருக்கும். ஒரு கீறல் விழுந்தா ரெண்டும் சேர்ந்து போயிடக்கூடாதுன்னு தள்ளி வெச்சிருக்காங்க. விதைநெல்லை நாங்க ஒரே வீட்டுல வைக்க மாட்டோம். பங்காளி வீட்டுப் பரண்ல ஒரு மூட்டை போட்டு வைப்போம். அதே புத்திதான்.

ஆனா கம்ப்யூட்டருக்கு வந்தப்புறம் அந்த நகலுக்கு வேலை இல்ல. ரெண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்குல இருக்கு, அது போனா ரெண்டும் போச்சு. அதுக்காக அழிச்சும் பெரிய லாபம் இல்ல, அது சில கேபிதான். இடத்தை அடைக்கிறது படம். அப்படியே விட்டுடுங்க.

விசிடியில இன்னும் வேடிக்கை. எம்பெக் ஏவி ஃபோல்டர்ல இருக்கிற டாட் ஃபைல்தான் படம். கூட சிடிஐன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். பிலிப்ஸ் கம்பெனி அந்தக் காலத்துல விட்ட ஒரு பிளேயருக்காக வெச்சது. அந்தப் பிளேயரை எங்க ஊர்ல யாரும் கண்ணால பார்த்திருக்க மாட்டாங்க. டாட் ஃபைலை மட்டும் எடுத்துக்கிட்டா போதும், விஎல்சியில ஓடும்.

தங்கச்சி கல்யாணத்தையும் ஓட்டிப் பார்த்தோம். பந்தலுக்குப் பின்னால எங்கப்பா நட்ட வயல், கதிர் வாங்கி நிக்குது. வீடியோக்காரர் அதை எடுக்கணும்னு எடுக்கல, மாப்பிள்ளை அழைப்பை எடுக்கும்போது ஓரத்துல விழுந்திருக்கு. இப்ப அங்க அஞ்சு மாடிக் கட்டடம். அக்கா மகன் அந்த வயலைப் பார்த்ததே இல்ல. "மாமா, இது நம்ம தெருவா?"ன்னு ரெண்டு தரம் கேட்டான்.

அன்னைக்கே மொத்தத்தையும் ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒண்ணுல ஏத்தி, மேட்டுப்பாங்கான ஊர்ல இருக்கிற மகள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிட்டேன். டிஸ்க் செஞ்சவன் அந்தக் குட்டி ஃபைலைத் தள்ளி வெச்ச மாதிரி, நீங்களும் ஒரு காப்பியை வேற வீட்டுல வையுங்க.