கேமிங் கம்ப்யூட்டர்: முதலில் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டா, கரன்ட் பில்லா?

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிற யாரைக் கேட்டாலும், முதல் கேள்வி "எந்த கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்?" என்பதாகத்தான் இருக்கும். செந்துறையில் இருக்கும் என் சித்தி கேட்ட முதல் கேள்வி, "கரன்ட் பில்லு எவ்வளவு வரும்?" என்பது. இரண்டில் எது சரியான கேள்வி என்றால், என் ஓட்டு சித்திக்குத்தான்.

கம்ப்யூட்டர் கேட்டது தம்பி, அதாவது சித்தி மகன். கல்லூரியில் கடைசி வருடம். சனி, ஞாயிறுகளில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுத்து 95,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். சித்தி ஏலச்சீட்டு எடுத்ததில் 65,000 தருவதாகச் சொல்லியிருந்தார். ஆக மொத்தம் 1,60,000. டிஜிட்டல் டெஸ்க்கில் டெக் செய்திகள் எழுதுகிறேன் என்பதால், "அக்கா, நீயே பார்ட்ஸ் பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. முந்திரிக் காட்டில் பாடுபட்டுக் கட்டிய சீட்டு அது. ஒரு பொருள் தப்பாகப் போனாலும், திரும்ப வாங்கப் பணம் கிடையாது.

தம்பி அனுப்பிய பட்டியலில் முதல் வரி என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090. 2025 ஜனவரியில் அது அறிமுகமானபோது இந்தியாவுக்கான விலை 2,14,000 ரூபாய். அந்த ஒரு கார்டிலேயே மொத்த பட்ஜெட்டும் தாண்டிவிட்டது. "சும்மா எழுதினேன்க்கா" என்றான். ஆசைப்படுவதற்கு ஜிஎஸ்டி இல்லையே!

யூனிட் கணக்கு

சித்தியின் கேள்வியையே முதலில் எடுத்துக்கொண்டோம். 5090 கார்டு மட்டும் 575 வாட் வரை இழுக்கும். மற்ற பாகங்களும் மானிட்டரும் சேர்ந்தால் சுமார் 800 வாட். தினம் நான்கு மணி நேரம் விளையாடினால், இரண்டு மாதத்தில் 192 யூனிட். அதே வரிசையில் வந்த 5070 கார்டு 250 வாட்தான். எல்லாம் சேர்த்து 400 வாட் என்று வைத்தால் 96 யூனிட். நம் ஊரில் அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது. அந்த 100 யூனிட்டை ஃப்ரிட்ஜும் ஃபேனும் டி.வி-யும் ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தன. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். இதைச் சொன்னதும், 5070-தான் வேண்டும் என்று தம்பிக்கு முன்பே சித்தி முடிவு செய்துவிட்டார்.

எர்த்தும் யூபிஎஸ்ஸும்

அடுத்து, பணம் கொடுத்து வாங்காத ஒரு பாகம்: வீட்டின் எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு, எர்த் சரியில்லாததே பெரும்பாலும் காரணம். எலெக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்த்தோம். எர்த் குழி வறண்டு கிடந்தது. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்து கொடுத்தார்.

பிறகு யூபிஎஸ். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் போடும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கேம் உச்சத்தில் ஓடும்போது கரன்ட் போனால், அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். அதனால் 1 கேவிஏ. அதிலும் ப்யூர் சைன் வேவ் தருவதாக இருந்தால் நல்லது. இப்போதைய பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு ஸ்கொயர் வேவ் ஒத்துக்கொள்வதில்லை.

பலரும் மிச்சம் பிடிக்கும் இடம் பவர் சப்ளை. அது போனால் தனியாகப் போகாது, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும் என்பது நினைவில் இருக்கட்டும். 5070-க்கு 650 வாட் போதும் என்கிறது என்விடியா. நாங்கள் 80 ப்ளஸ் கோல்டு தரச்சான்று உள்ள 750 வாட் எடுத்தோம். 2022-ல் வந்த 4090 கார்டுகள் சிலவற்றில் பவர் கனெக்டர் உருகிய செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தக் கேபிளை முழுவதும் உள்ளே அழுத்திச் செருக வேண்டும், ஓரத்திலேயே மடக்கக் கூடாது. தம்பியிடம் இதை மூன்று முறை சொன்னேன்.

வெயிலும் தூசியும்

அரியலூர் மாவட்டம் என்றால் சுண்ணாம்புக்கல், சிமென்ட், லாரி. கூடவே தூசி. சித்திரை வெயிலில் மாடி அறை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 400 வாட் இழுக்கும் பெட்டி, ஏறக்குறைய அவ்வளவையும் அறைக்குள் வெப்பமாகத்தான் விடும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் கலர் லைட்டும் உள்ள கேபினெட் வீடியோவில் அழகாக இருக்கும். எங்களுக்குத் தேவை, முன்பக்கம் வலை வைத்து, கழற்றிக் கழுவக்கூடிய தூசி ஃபில்டருடன் வரும் கேபினெட். அதையே எடுத்தோம். கம்ப்யூட்டரையும் மாடியில் வைக்காமல், கீழே வடக்குப் பக்க அறைக்கு மாற்றினோம்.

மானிட்டரைப் பார்த்து கார்டு

வீட்டில் இருந்தது 60 ஹெர்ட்ஸ் ஓடும் பழைய மானிட்டர். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும், அது நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. அதனால் 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். அதற்கு 5070 பொருத்தம். பிராசஸர் ஏஎம்டி ரைசன் 5 7600. 65 வாட் பிராசஸர், சூடு குறைவு. அதன் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதுப் பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், நாளை பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கையைக் கடித்தது ரேம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில், 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் க்ரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. 32 ஜிபி என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்கினோம். ஜோடியாகப் போட்டால் வேகம் கூடும்தான். விலை இறங்கட்டும், இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

பில் இல்லாமல் வேண்டாம்

வாங்கியது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில். ஒரு கடையில் "பில் இல்லாம எடுத்தா குறைச்சுப் போட்டுத் தர்றேன்" என்றார்கள். 18 சதவிகித ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று மனசு அலைபாயத்தான் செய்யும். ஆனால் ஒரு பாகம் பழுதானால், செந்துறையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சுமந்து வந்து காட்ட வேண்டியது பில்லைத்தான். ஒவ்வொன்றுக்கும் பில், சீரியல் நம்பர் உள்ள அட்டைப்பெட்டி, வாரண்டி கார்டு என எல்லாவற்றையும் வாங்கி, போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

எதுக்கு இது?

பார்ட்ஸ் எல்லாம் முடிவான பிறகும் சித்திக்கு ஒரு பயம் இருந்தது. "கேமு கேமுங்குறானே... இந்த ரம்மி மாதிரியா பாப்பா?" ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்களின் கதைகளை டி.வி-யில் பார்க்கும் எந்த அம்மாவுக்கும் வரும் பயம்தான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை செய்ததையும், தம்பி ஆடுவதில் பந்தயம் கிடையாது என்பதையும் விளக்கினேன். சில கேம்களுக்குள்ளும் உடை, ஆயுதம் என்று காசு கேட்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை. கார்டு விவரத்தை எதிலும் சேமித்து வைக்கக் கூடாது என்று அப்போதே பேசி முடித்தோம்.

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் வந்தால் அது படிப்புக்கு. பிளஸ் டூவில் எனக்குக் கிடைத்த அரசு லேப்டாப்பில் திருட்டுத்தனமாகத்தான் கேம் ஆடினேன். தம்பியும் "எடிட்டிங்குக்குத்தான்மா" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் அவன், "எடிட்டிங்கும் பண்ணுவேன்மா. ஆனா வாங்குறது விளையாடத்தான்" என்றான்.

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதைச் சொல்லிட்டே செய். ராத்திரி பத்து மணிக்கு ஆஃப் பண்ணிடணும்" என்றார்.

பத்தரை என்று பேசி முடித்திருக்கிறார்கள்.