இரவு திரும்பி நடக்கும் தெரு

பெர்லினுக்குப் போகிற தம்பிகள் சிலர் கேட்பார்கள்: "அண்ணா, எந்த ஹோட்டல்ல தங்கலாம்?" ஹோட்டல் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வராது. எந்தத் தெருவில் தங்கலாம் என்று கேள் என்பேன். இரவு ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பும்போது, கூட வருகிறவன் கையைப் பிடித்துக்கொண்டே கடைசித் திருப்பம் வரைக்கும் நடந்து போக முடிகிற தெரு எது என்று முதலில் பார்க்க வேண்டும். பகலில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். மெத்தை, காலை உணவு, குளியலறை எல்லாம் அதற்குப் பிறகு.

எனக்கு உடனே நினைவுக்கு வருவது மோட்ஸ் தெரு. ஷோனபெர்க் பகுதியில், நொலெண்டோர்ஃப் சதுக்கத்து ரயில் நிலையத்திலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. யு1, யு2, யு3, யு4 என்று நான்கு தடங்கள் கூடும் நிலையம் அது. மேலே இரும்புப் பாலத்தில் ஒரு தடம், மற்றவை தரைக்குக் கீழே. இருட்டினால் நிலையத்தின் குவிமாடத்தில் வானவில் நிறங்களில் விளக்கு எரியும். தெற்குப்பக்க வாசல் சுவரில் முக்கோணமாக ஒரு செங்கல் நிறக் கிரானைட் பலகை இருக்கிறது. நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் சட்டையில் தைத்த ரோஸ் முக்கோணத்தின் வடிவம். 1989ல் பதித்தார்கள். அடித்துக் கொன்றார்கள், பிறகு பேசாமல் இருந்தே கொன்றார்கள் என்ற பொருள்படும் வாசகம் அதில் உண்டு. ஒரு சனிக்கிழமை காலையில் அதன் முன்னால் நின்றிருந்தேன். பக்கத்து வின்டர்ஃபெல்ட் சதுக்கச் சந்தையிலிருந்து வந்த ஒரு பாட்டி, பை நிறைய வெங்காயத்தாளும் பூண்டும் நீட்டிக்கொண்டிருக்க, சக்கரப் பையைப் பலகைக்குக் கீழே நிறுத்திவிட்டுச் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார். நிமிர்ந்து எனக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு ரயிலேறப் போனார். அந்தப் பகுதியின் சுபாவம் அதுதான். நினைவுச்சின்னமும் வெங்காயத்தாளும் ஒரே வாசலில் இருக்கும்.

நம் ஊர் லாட்ஜ்களை நினைத்துக்கொள்கிறேன். மதுரையிலோ கும்பகோணத்திலோ இரண்டு ஆண்கள் ஒரே அறை எடுத்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பேரேட்டில் பெயர், ஊர், வந்த காரியம் என்று கட்டங்கள் இருக்கும். காரியம் என்ற இடத்தில் "கோயில்" என்று மேனேஜரே எழுதிக்கொள்வார். அதே மேஜைக்கு முன்னால் நிற்கிற ஓர் ஆணும் பெண்ணும்தான் கல்யாண போட்டோ காட்ட வேண்டியிருக்கும். எனக்கும் என் துணைவனுக்கும் அங்கே கிடைத்த நிம்மதி, எங்களை அப்படி யாரும் கற்பனையே செய்து பார்க்காததால் கிடைத்த நிம்மதி. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் நாங்கள் நாங்களாக இருப்போம். காலையில் டிபனுக்குக் கீழே இறங்கும்போது மறுபடி இரண்டு நண்பர்கள். பல வருஷம் அதையே பெரிய சௌகரியம் என்று நம்பி வாழ்ந்திருக்கிறோம்.

பெர்லினிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. ஒருமுறை நகரின் வேறொரு பகுதியில் அறை எடுத்திருந்தோம். ஒரே கட்டில் என்று தெளிவாகக் கேட்டுத்தான் முன்பதிவு செய்தது. வரவேற்பில் இருந்த பெண் எங்கள் இருவரையும் பார்த்தார், திரையைப் பார்த்தார், "ஏதோ தவறு நடந்திருக்கிறது, இரண்டு கட்டில் போட்டுத் தருகிறேன்" என்றார். உதவி செய்கிற குரல்தான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் பின்னால் ஐந்தாறு பேர் பெட்டியோடு வரிசையில் நிற்க, நாங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. லிஃப்ட்டில் ஏறியதும் அவன் சொன்னான்: "விடுடா, அந்தம்மாவுக்குத் தெரியல." தெரியாததுதான் எனக்கு உறுத்தியது. அத்தனை தூரம் பறந்து போய், அங்கேயும் ஒரு விளக்கம் சொல்லிவிட்டுத்தான் படுக்க வேண்டுமா என்று இருந்தது.

மோட்ஸ் தெருவை ஒட்டிய ஒரு சிறு தங்குமனையில் நடந்தது வேறு. வயதான அம்மாள் ஒருவர் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கினார், இரண்டு தாள் கொடுத்தார், ஒரு சாவி கொடுத்தார். காலை உணவு பத்தரை வரைக்கும், முட்டை கேட்டால்தான் போடுவோம் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த இரண்டு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் வெளிநாட்டு விருந்தினர் ஹோட்டலில் பதிவுத் தாள் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். சொந்த நாட்டுக்காரர்களுக்கு 2025 ஜனவரி முதல் அது தேவையில்லை; நமக்கு இன்னும் உண்டு. குடும்பமாகப் போனால் ஒருவர் நிரப்பினால் போதும், கூட வந்தவர்களை எண்ணிக்கையாகக் குறிப்பிட்டால் சரி. நாங்கள் எந்தச் சட்டத்திலும் குடும்பம் இல்லை. நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ல் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தது. திருமண உரிமை இல்லை என்று 2023 அக்டோபர் 17ல் சொன்னது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நிற்கிறவர்கள் என்பதால் ஆளுக்கொரு தாள். அந்த அம்மாளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமோ என்னவோ. தாள் இரண்டானாலும் சாவி ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பக்கம் அறை தேடிப் போன வெளிநாட்டுக்காரர்களில் பெயர் பெற்றவர் கிறிஸ்டோபர் இஷர்வுட். ஆங்கிலேயர், 1929ல் பெர்லினுக்கு வந்தபோது வயது 24. இங்கிலாந்தில் ஆணும் ஆணும் கூடுவது 1967 வரை குற்றம். ஜெர்மனியிலும் குற்றம்தான், ஆனால் பெர்லின் போலீஸ் மது விடுதிகளைக் கண்டும் காணாமல் விட்டிருந்தது. இஷர்வுட் முதலில் குடியிருந்தது டீர்கார்டன் பூங்கா ஓரத்தில், மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் அறிவியல் நிறுவனத்தை ஒட்டிய வீட்டில். ஹிர்ஷ்ஃபெல்டின் சகோதரி வாடகைக்கு விட்ட அறை அது. பிறகுதான் நொலெண்டோர்ஃப் தெரு 17ஆம் எண் வீட்டுக்கு வந்தார். இன்றைக்கும் அந்த வாசலில் அவர் பெயர் தாங்கிய பலகை உண்டு. அங்கே பார்த்த மனிதர்களை வைத்து எழுதிய கதைகளிலிருந்துதான் 1972ல் 'கேபரே' படம் வந்தது. அமெரிக்காவுக்குப் போன பிறகு இதே இஷர்வுட் ராமகிருஷ்ண மடத்துச் சுவாமி பிரபவானந்தரிடம் சீடராகி, அவரோடு சேர்ந்து பகவத் கீதையை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ராமகிருஷ்ணரின் வாழ்க்கையையும் எழுதினார். அவரை மடத்துப் புத்தகங்கள் வழியாக மட்டும் அறிந்த வாசகர்கள் நம்மிடையே இருக்கலாம். நொலெண்டோர்ஃப் தெருவில் வாடகை அறையில் இருந்த இளைஞரும் அவர்தான்.

ஹிர்ஷ்ஃபெல்டுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1919ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மருத்துவர் அவர். யூதர், தன்பாலீர்ப்பாளர், தன்பாலீர்ப்பு நோயோ குற்றமோ அல்ல என்று ஆயுள் முழுக்க வாதாடியவர். உலகச் சுற்றுப்பயணத்தில் 1931ல் இந்தியாவுக்கும் வந்து உரையாற்றிவிட்டுப் போனார். பயணம் முடிந்து ஊர் திரும்ப முடியவில்லை. 1933 மே 6ல் அவருடைய நிறுவனத்தை நாஜி மாணவர்கள் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து ஓப்பரா சதுக்கத்தில் எரிந்த புத்தகக் குவியலில் அவருடைய நூலகமும் இருந்தது. அதைப் பாரிஸ் திரையரங்கு ஒன்றில் செய்திப்படமாகத்தான் அவர் பார்த்தார். 1935ல் தன் 67ஆவது பிறந்தநாளன்று பிரான்சின் நீஸ் நகரில் இறந்துபோனார். உலகத்தில் எங்கே போனாலும் வரவேற்பு கிடைத்த மனிதருக்குச் சொந்த ஊரில் தங்க இடமில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

மோட்ஸ் தெருவிலேயே எல்டோராடோ என்ற புகழ்பெற்ற கேளிக்கை விடுதி இருந்தது. பெண் உடையில் ஆண்கள், ஆண் உடையில் பெண்கள், வேடிக்கை பார்க்க வந்த பிரமுகர்கள் என்று கூட்டம் நெரியும். 1932 கடைசியில் மூடப்பட்டது. 1933 மார்ச்சில் எடுத்த ஒரு புகைப்படம் பல புத்தகங்களில் வந்திருக்கிறது. விடுதியின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது, கண்ணாடிகளில் ஹிட்லர் கட்சியின் தேர்தல் சுவரொட்டிகள், வாசலில் போலீஸ்காரர்கள். அடுத்த சில வருஷங்களில் நடந்தது உலகத்துக்குத் தெரியும். ஆனால் போருக்குப் பிறகு நடந்தது அவ்வளவாகத் தெரியாது. ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவை நாஜிகள் 1935ல் கடுமையாக்கினார்கள். அந்தக் கடுமை மாறாமலே மேற்கு ஜெர்மனி அதை 1969 வரை வைத்திருந்தது. சுமார் 50,000 ஆண்கள் அதில் தண்டனை பெற்றார்கள். முகாமிலிருந்து வெளியே வந்தவன் மறுபடி சிறைக்குப் போக நேர்ந்தது. பிரிவு முழுவதுமாக நீங்கியது 1994ல்தான். பழைய தண்டனைகளை ரத்து செய்யும் சட்டம் 2017ல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் திருமண உரிமையும் வந்தது. இந்தத் தெருவில் இன்று கிடைக்கும் சுதந்திரம் ஐரோப்பியக் குணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஐரோப்பாவோடு சண்டை போட்டு வாங்கிய சுதந்திரம் அது.

பழைய விடுதிகளில் சிலவற்றுக்குச் சன்னல் கிடையாது. கதவில் மணி இருக்கும், அழுத்தினால் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திறப்பார்கள். போலீஸுக்கும் கல்லெறிகிறவர்களுக்கும் பயந்த காலத்துப் பழக்கம். 1977ல் அதே ஷோனபெர்க்கின் ஹாப்ட் தெருவில் ஒரு கஃபே பெரிய கண்ணாடிச் சன்னலைத் தெருவுக்குக் காட்டித் திறந்தது. உள்ளே இருப்பவரைத் தெருவில் போகிறவர் எல்லாம் பார்க்கலாம். அப்போது பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்த பாடகர் டேவிட் போவி அங்கே வந்து போவார். அந்த இடம் இப்போது வேறு பெயரில் இருக்கிறது. அந்தச் சன்னலோர மேஜையில் காப்பி குடித்தபோது அவன் என் தோளில் கை போட்டு உட்கார்ந்திருந்தான். வெளியே பேருந்துக்கு நின்ற பள்ளிப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தங்கள் சண்டையைத் தொடர்ந்தார்கள். மதுரை லாட்ஜில் கிடைத்த நிம்மதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கே புரிந்தது. அங்கே யாரும் பார்க்கவில்லை. இங்கே பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

தம்பிகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. பெர்லினில் சில பகுதிகளில் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படத் தெரிகிறவர்களும், தொப்பி அணிந்த யூதர்களும் கூடுதல் கவனத்தோடு இருப்பது நல்லது என்று நகரக் காவல்துறைத் தலைவரே 2024ல் சொன்னார். நொலெண்டோர்ஃப் சதுக்கத்தைச் சுற்றியே பின்னிரவில் கட்டிப்பிடித்து ஆடுவதுபோல் வந்து செல்போனை உருவுகிறவர்கள் உண்டு. ஏதாவது நடந்தால் ப்யூலோ தெருவில் இருக்கும் மானியோ அமைப்புக்குச் சொல்லலாம். தன்பாலீர்ப்பு ஆண்கள் மீதான வன்முறையைப் பதிவு செய்து, பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதே அவர்கள் வேலை. நிறத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கறுத்த தோலை ஒரு ருசியாகப் பார்க்கும் கண்கள் அந்த விடுதிகளில் உண்டு. "எந்த ஊர்" என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி எது என்பதை வைத்து ஆளை எடைபோட்டுவிடலாம்.

க்ராய்ட்ஸ்பெர்க்கும் நொய்கோல்னும் இளையவர்களுக்குப் பிடிக்கும். வாடகை, நாகரிகம், இசை எல்லாம் அங்கே வேறு. க்ராய்ட்ஸ்பெர்க்கின் எஸ்ஓ36 அரங்கில் துருக்கிய, அரபு இசைக்கு ஆடும் தன்பாலீர்ப்பாளர் இரவுகள் பேர்போனவை. நம் காதுக்கு அந்தத் தாளம் சட்டென்று ஒட்டும். பெண்கள் இருவராகப் போனால் மோட்ஸ் தெரு ஆண்கள் கூட்டமாகத் தெரியலாம். அவர்களுக்கு க்ராய்ட்ஸ்பெர்க் பக்கமே இதம் என்பது என் தோழிகளின் தீர்ப்பு. தன்பாலீர்ப்பாளருக்கென்றே நடக்கும் ஹோட்டல்களும் உண்டு. பார்சிலோனாவில் தொடங்கிய ஆக்செல் பெர்லினிலும் இருக்கிறது. வரவேற்புக் கூடத்தில் தன்னைப் போன்றவர்களே பெரும்பான்மையாக இருப்பதை ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக அங்கே தங்கலாம். எனக்கு அந்த அம்மாளின் தங்குமனையே போதும்.

போகிறவர்கள் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை இரண்டாம் பாதியில் மோட்ஸ் தெருத் திருவிழாவும் பெருமித ஊர்வலமும் அடுத்தடுத்து வரும். செப்டம்பரில் தோலாடைக்காரர்களின் ஃபோல்சம் விழா. அப்போது அறை வாடகை ஏறிவிடும், தெருப்பக்க அறையில் தூக்கம் வராது. கொல்லைப்பக்க அறை கேளுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும், மற்ற நாட்களில் நள்ளிரவுக்குப் பின் பேருந்துதான். ஆகவே நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தைப் பாருங்கள். அறை வாடகையில் நகர வரி 2025 முதல் 7.5 விழுக்காடு. முன்பதிவுக்கு முன் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நாங்கள் இரண்டு ஆண்கள், இணையர், ஒரே கட்டில் வேண்டும் என்று நேராக எழுதுங்கள். "சரி, காத்திருக்கிறோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தால் அங்கே பணம் கட்டுங்கள்.