வாப்பாவின் இரண்டாவது காது

என் வாப்பா லொறி ஓட்டுவது கண்ணால் மட்டுமல்ல, காதாலும்தான். "எஞ்சின் பேசும் மகள், கேட்கத்தான் தெரியணும்" என்று அடிக்கடி சொல்வார். பெல்ட் தளர்ந்தாலும், டீசலில் காற்று ஏறினாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

1990 ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவுக்குப் பத்து வயது. முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. யுத்தம் முடிந்த பிறகு வாப்பா திரும்பவும் வன்னிக்குப் போனார். மல்லாவியில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தார். வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளையும் நெல்லை வாங்கி, வவுனியாவில் குற்றுவித்து, அரிசியை அக்குறணைக் கடைகளுக்கு ஏற்றிப் போவதுதான் தொழில். நான் புத்தளத்தில் உம்மும்மாவோடு இருந்து படிக்கிறேன். விடுமுறை வந்தால் மல்லாவிதான்.

போன வருடம் மாத்தளைக்கு அப்பால் பலகடுவ ஏற்றத்தில், 75 மூடை அரிசியோடு லொறி நின்றுவிட்டது. எஞ்சினைக் கழற்றியபோது ஒரு பிஸ்டனின் தலை மெழுகுபோல உருகியிருந்தது. டர்போவிலிருந்து காற்றுக் கொண்டுபோகும் றப்பர் குழாய் வெடித்திருந்ததே காரணம். காற்று வெளியே போனதால் டீசலுக்கேற்ற காற்று எஞ்சினுக்குக் கிடைக்கவில்லை. டீசல் எஞ்சினில் காற்றுக் குறைந்து எண்ணெய் கூடினால் புகைபோக்கி வாயு கடுமையாகச் சூடேறும்.

மல்லாவி கராஜ் அண்ணா குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வெடிப்பு, பாம்பு மாதிரிச் சீறியிருக்குமே! கேட்கேல்லையோ நானா?" என்றார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் செய்ய உம்மாவின் காப்புகள் அடகுக்குப் போயின.

எனக்கு விஷயம் விளங்கியது. தொலைபேசியில் வாப்பா எதையும் இரண்டு தரம் கேட்பார். ஒருநாள் அஸருக்குப் பாங்கு சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. "காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது" என்றார். அன்று முற்றத்து வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. இருபது வருட எஞ்சின் இரைச்சல் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சினோடு பேசியவருக்கே அது பேசுவது கேட்கவில்லை. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

நான் காதைப் பற்றிப் பேசவில்லை, மீற்றரைப் பற்றிப் பேசினேன். "இருபது வருஷம் ஓட்டுறன். எனக்கு மீற்றர் சொல்லித் தரப்போகுதா?" என்று கோபித்தார். லொறியில் தண்ணீர்ச் சூட்டு மீற்றர் இருக்கிறதே என்பதும் அவர் வாதம். பாடக் கொப்பியை விரித்து விளக்கினேன். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். புகைபோக்கி வாயு சில செக்கன்களிலேயே நூறு பாகை ஏறிவிடும். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். எண்ணெயும் தண்ணீரும் குளிர்த்துவதால்தான் பிஸ்டன் தப்பி நிற்கிறது. வாயு 700 பாகையைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் அந்தக் குளிர்ச்சி போதாது. தண்ணீர் மீற்றரின் முள் அசைவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மூன்றாம் நாள், "சரி, பூட்டிப் பார்ப்பம்" என்றார்.

ஓகஸ்ட் விடுமுறையில் வேலை நடந்தது. ஒரு மீற்றர் டர்போவின் காற்றழுத்தத்துக்கு, மற்றது வாயுவின் சூட்டுக்கு. சூட்டை அளக்கும் உணரியை டர்போவுக்கு முன்னால் பூட்ட வேண்டும். டர்போவைத் தாண்டிய வாயு சக்தியை இழந்து குளிர்ந்திருக்கும். அங்கே அளந்தால் உண்மை குறைவாகவே தெரியும். துளையிடுவதற்கு முன் கராஜ் அண்ணா டர்போவை முழுதாகக் கழற்றினார். "ஒரு இரும்புத்தூள் உள்ள போனாலும் டர்போ இலைகள் சரி, பிள்ளை" என்றார்.

வயர் மீற்றருக்கு எட்டாதபோது சாதாரண செம்பு வயரைச் சேர்க்கப் பார்த்தார். அப்போதுதான் நான் வாய் திறந்தேன். அந்த உணரி ஒரு வெப்பவிணை. வேறுவேறான இரண்டு உலோகக் கம்பிகளை இணைத்துச் சூடாக்கினால் மின்னியக்கவிசை பிறக்கும் என்று 1821இல் தோமஸ் சீபெக் கண்டறிந்தார். எங்கள் மீற்றருக்கு 700 பாகையிலும் 30 மில்லிவோல்ற்றுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் செம்பைச் சேர்த்தால் அளவு பிழைக்கும். அவர் கொஞ்சம் யோசித்தார். "பிள்ளை சொல்லுறது சரி நானா" என்று மீற்றரை இந்தப் பக்கம் மாற்றினார். வாப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அக்குறணைக்குப் போன அடுத்த பயணத்தில் நானும் தம்பியும் ஏறிக்கொண்டோம். பலகடுவ ஏற்றம் தொடங்கியதும் லொறிக்குள் யாரும் பேசவில்லை. முள் 480, 550, 610 என்று ஏறியது. 650இல் கராஜ் அண்ணா சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"வாப்பா, 640!"

வாப்பா ஒரு கியரைக் குறைத்தார். எஞ்சின் வேகம் கூடியது, காற்றும் கூடியது. முள் மெல்ல 560க்கு இறங்கியது. தம்பி கைதட்டினான்.

மேலே ஏறி ஒரு தேநீர்க்கடையில் நிறுத்தினோம். வாப்பா எஞ்சினை உடனே அணைக்கவில்லை. சூடான டர்போவில் எண்ணெய் ஓட்டம் திடீரென நின்றால், அதற்குள் நிற்கும் எண்ணெய் கருகி அடைத்துவிடும். முள் 200க்குக் கீழே வரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது, கண்ணை மீற்றரிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"அண்டைக்கு அந்தச் சீறல் எனக்குக் கேட்கல்ல மகள்."

"தெரியும் வாப்பா."

"எப்ப தெரியும்?"

"பாங்கு கேட்காத அண்டைக்கு."

சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை உம்மா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இடது காது பெரும்பாலும் போய்விட்டது, வலது காதுக்குக் கருவி வைக்கலாம் என்றார்கள். இப்போது அதற்குப் பெயர் பதிந்திருக்கிறோம்.

மீற்றர் எஞ்சினைக் காப்பாற்றாது. முள்ளைப் பார்த்தவர் காலை எடுத்தால், கியரை மாற்றினால்தான் காப்பாற்றலாம். நம் வீடுகளிலும் உழைக்கிறவர்கள் தங்கள் சூட்டை வெளியே காட்டுவதில்லை. பிள்ளைகளாகிய நாம்தான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தால், பக்குவமாகச் சொல்லவும் வேண்டும்.

உம்மாவின் காப்புகளில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றது காலபோக அறுவடைக்குப் பிறகு வரும், இன்ஷா அல்லாஹ்.