மூன்று கையெழுத்து, ஒரே திரை

2018 ஏப்ரலில் டெல்லியைச் சேர்ந்த காயின்செக்யூர் எக்ஸ்சேஞ்சிலிருந்து 438 பிட்காயின் காணாமல் போனது. அன்றைய விலைக்குச் சுமார் 20 கோடி ரூபாய். பிட்காயினிலிருந்து பிரிந்த பிட்காயின் கோல்டை வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட எடுக்கையில் இது நடந்தது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. டெல்லி போலீசுக்குப் புகார் போனது. அதற்குப் பின், பிட்காயின் வாலட் அமைத்துக்கொடுக்கும் என்னைத் தேடி வந்த சிறு கம்பெனிக்காரர்களும் குடும்பங்களும் கேட்டது ஒன்றைத்தான்: “ஒரே ஆள் கையில சாவி இருக்கக் கூடாது சார், என்ன வழி?”

வழி இருக்கிறது, பழையதும்கூட. மூன்று பேருக்கு மூன்று சாவி, அதாவது பணத்தை நகர்த்தும் ரகசிய எண்; அதில் எந்த இருவர் கையெழுத்துப் போட்டாலும் பணம் நகரும். நாங்கள் மல்டிசிக் என்போம். 2012 ஏப்ரல் 1 முதல் பிட்காயினில் ‘3’ என்று தொடங்கும் முகவரிகள் வந்தபிறகு இது சாதாரண ஆட்களுக்கும் எட்டியது. ஒரு வேடிக்கை: கையெழுத்துகளைச் சரிபார்க்கும் ஆதிகால நிரலில் ஒரு பிழை, தேவையானதைவிட ஒரு பொருளை அதிகமாக எடுத்து விழுங்கும். திருத்தினால் எல்லாரும் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த வகை முகவரியிலிருந்து செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் பிழைக்குத் தீனியாக முன்னால் ஒரு பூஜ்யத்தை வைக்கிறோம்.

பலர் வழுக்கி விழும் இடம் வேறு. முகவரி என்பது மூன்று சாவிகளுக்கும் இணையான, வெளியே காட்டத்தக்க பொதுச்சாவிகளை எழுதிய ஒரு சின்னச் சீட்டின் சுருக்கம். செலவழிக்கும்போது கையெழுத்துகளோடு அந்தச் சீட்டையும் முழுதாகக் காட்டியாக வேண்டும். ஆகவே இருவரின் சாவியை மீட்கும் ரகசிய வார்த்தைகள் பத்திரமாக இருந்தும், தொலைந்த மூன்றாவதின் பொதுச்சாவி எங்கும் குறித்து வைக்கப்படாவிட்டால் பணம் கண்ணெதிரே இருக்கும், தொட முடியாது. அதனால் ஒவ்வொருவரின் 24 வார்த்தைகளோடும் மூவரின் எக்ஸ்பப்பும் (பொதுச்சாவிகள் பிறக்கும் மூலம்) சேர்ந்த ஒரு நகல் போக வேண்டும். அது வேறொருவர் கையில் சிக்கினால் இருப்பு எவ்வளவு என்று பார்க்கலாம்; எடுக்க முடியாது. வார்த்தைகளைக் காப்பவர்கள் இந்த நகலை ஏனோ மதிப்பதில்லை.

லேப்டாப் வேண்டுமானால் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் வாங்கட்டும். சாவியைக் காக்கும் சிறு கருவியான ஹார்ட்வேர் வாலட்டைத் தயாரிப்பவரிடமிருந்தே தருவிக்கச் சொல்வேன். மூன்றும் ஒரே கம்பெனியுடையதாக வேண்டாம். வார்த்தைகளை அவரவர் தனி அறையில் எழுதிக்கொள்வார்கள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். பிறகு சில்லறைத் தொகை ஒன்றை அனுப்பி, கருவிகளைத் துடைத்துக் காலியாக்கி, எழுதி வைத்ததிலிருந்தே மீட்டு, அதே தொகையைச் செலவழித்துக் காட்டச் சொல்வேன். முனகுவார்கள். பெரிய தொகை அதற்கப்புறம்தான்.

அமைப்பது இவ்வளவே. செலவழிப்பதில்தான் சிக்கல். டெல்லியில் சாவிக்காரர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒருவர் கரோல் பாக், ஒருவர் மயூர் விஹார், இன்னொருவர் குருகிராம். பாதிக் கையெழுத்தான பரிவர்த்தனை, பி.எஸ்.பி.டி என்ற கோப்பாக, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். வாட்ஸாப்பில் “அனுப்பிட்டேன், சைன் பண்ணிடுங்க” என்று ஒரு வரி. மெட்ரோவில் நின்றுகொண்டே ஒரு கட்டைவிரல் பதில். வீடு போனதும் கருவியை எடுத்து, காட்டுவதைப் பாராமலே ஓகே பொத்தான். கேட்டால், “நீங்க பாத்துட்டீங்கன்னா சரியாத்தான் இருக்கும் சார்.” அந்த மரியாதை வாக்கியத்தில் மூன்றில் இரண்டு என்பது ஒன்றில் ஒன்றாகிவிடுகிறது.

கோயில் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுப் போடுகிறோம். அது காப்பது சாவிகள் பிரிந்திருப்பதால் மட்டுமல்ல; திறக்கும்போது சாவிக்காரர்கள் நேரில் நின்று அவரவர் கண்ணால் பார்க்கிறார்கள். மல்டிசிக் வாங்குபவர்கள் பூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

2024 ஜூலை 18 அன்று வசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் நடந்த திருட்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். பறிபோன வாலட்டுக்கு ஆறு கையெழுத்தாளர்கள்: ஐவர் வசிர்எக்ஸ் தரப்பு, ஒருவர் லிமினல் என்ற பாதுகாப்பு நிறுவனம். வசிர்எக்ஸின் மூவர் கையெழுத்திட, பிறகு லிமினல் ஒப்ப வேண்டும். ஹார்ட்வேர் வாலட்டுகள் இருந்தன, அனுமதித்த முகவரிப் பட்டியலும் இருந்தது. ஆனாலும் சுமார் 23 கோடி டாலர் போய்விட்டது. திரையில் காட்டியதும் உண்மையில் கையெழுத்தானதும் வேறு வேறு என்றது வசிர்எக்ஸ். தன் அமைப்பு உடைக்கப்படவில்லை என்றது லிமினல். டெல்லி போலீஸ் விசாரித்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து வட கொரியாவைக் கைகாட்டின. யார் திரை கெட்டது என்ற சண்டை அவர்களுடையது. எனக்கு உறுத்துவது, அத்தனை பேர் ஒப்பியும் தன் வழியில் தனியாகப் பார்த்தவர் ஒருவர்கூட இருந்ததாகத் தெரியவில்லை என்பது.

2025 பிப்ரவரி 21-ல் பைபிட் எக்ஸ்சேஞ்சில் அதே கூத்து, சுமார் 150 கோடி டாலருக்கு. அவர்கள் பயன்படுத்திய சேஃப் வாலட் மென்பொருளின் டெவலப்பர் ஒருவரின் கணினிக்குள் நுழைந்து, கையெழுத்தாளர்கள் பார்க்கும் வலைப்பக்கத்தையே மாற்றிவைத்தார்கள். பக்கத்தில் வழக்கமான பணமாற்றம் தெரிந்தது. கையெழுத்தானதோ வாலட்டின் ஆட்சியையே மாற்றிக்கொடுக்கும் கட்டளை.

திரையில் ஒன்று, கையெழுத்தில் ஒன்று என்ற இந்தத் தொல்லை எதீரியத்தில் அதிகம். அங்கே ஒப்பந்த நிரலுக்குக் கட்டளை போகிறது. சின்னக் கருவியின் திரையில் பல நேரம் மனிதர் படிக்க முடியாத எண்ணெழுத்துக் குவியலாகவே வரும். பிட்காயினில் கருவியே முகவரி, தொகை, கட்டணம் மூன்றையும் காட்டும். மற்ற இரண்டு எக்ஸ்பப்புகளையும் முன்பே பதிந்து வைத்திருந்தால், மீதிச்சில்லறை நம் முகவரிக்கே திரும்புகிறதா என்பதையும் அதுவே சரிபார்த்துவிடும். அதனால் நீண்டகாலச் சேமிப்புக்கு வருபவர்களைப் பிட்காயினிலேயே நிறுத்தப் பார்க்கிறேன். சிலர் இதைப் பழமைவாதம் என்கிறார்கள். இருக்கட்டும்.

என் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேலை கட்டாயம். இரண்டாவதாகக் கையெழுத்திடுபவர் கோப்பில் வந்த முகவரியை நம்பக் கூடாது. பணம் பெறுபவரைத் தன் போனிலிருந்து தானே அழைத்து முகவரியைக் கேட்டு, தன் கருவியின் திரையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பிசி1கியூ என்று தொடங்கும் மல்டிசிக் முகவரிக்கு 62 எழுத்து. சலிப்பான வேலைதான். முதல் நாலு, கடைசி நாலு எழுத்து பார்த்தால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். போதாது, முனைகள் ஒத்திருக்கும் போலி முகவரிகளைக் கணினியில் அரைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து காப்பி வரும் நேரத்தில் இன்னொரு கேள்வியும் வரும்: “மூணாவது சாவி உங்ககிட்டயே இருக்கட்டுமே சார்?” மறுத்துவிடுவேன். மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவன் நான், கருவியைப் பரிந்துரைத்தவன் நான். சாவியும் என்னிடம் இருந்தால் அவர்கள் என் கண்ணால்தான் பார்ப்பார்கள். கோயம்புத்தூரில் அக்கா இருக்கிறாரா, திருச்சியில் சித்தப்பா இருக்கிறாரா என்று கேட்பேன். கம்ப்யூட்டர் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, போனில் 62 எழுத்தையும் பொறுமையாகப் படிக்கிறவராக இருந்தால் சரி.