விளாங்குடியில் ஒரு பரீட்சைக் காலம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏறி வைகைப் பாலத்தைத் தாண்டியதுமே கண்டக்டர் குரல் கொடுப்பார்: ‘பாத்திமா காலேஜ் எல்லாம் முன்னாடி வாங்க... விளாங்குடி பின்னாடி!’ 1953-ல் ஆரம்பித்த பெண்கள் கல்லூரி அது. அந்த ஸ்டாப்பில் பாதி பஸ் காலியாகும். கலகலப்பும் அங்கேயே இறங்கிவிடும். மிச்சமிருந்து, காய்கறிப் பையோடு அடுத்து இறங்குகிறவர்கள்தான் நாங்கள், விளாங்குடிக்காரர்கள்.

முன்பு பேரூராட்சி. 2011-ல் எங்களை மதுரை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்பினால், ‘மதுரை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்’ என்றுதான் இன்னமும் சொல்கிறோம். பழக்க தோஷம்!

இங்கே மாம்பழ சீசனுக்கு முன்னால் இன்னொரு சீசன் உண்டு. அட்மிஷன் சீசன்! அஞ்சாங்கிளாஸ் பையன் இருக்கிற வீட்டில் டி.வி. ஊமையாகிவிடும். விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால், ‘பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுடா’ என்று பையனை நிறுத்துவார்கள். பாவம், விருந்தாளியும் பதினேழாம் வாய்ப்பாடு தெரியாமல் முழிப்பார்.

போன வருஷக் கடைசியில் எங்கள் வீட்டிலும் அது ஆரம்பித்தது.

‘‘ஏங்க, இவனை ஆறாவதுக்கு ஃபாதர் ஸ்கூல்லதான் போடணும்’’ என்றாள் மனைவி.

மதுரையில் ஃபாதர்கள் கதை ரொம்பப் பழசு சார். 1606-ல் இத்தாலியிலிருந்து ராபர்ட் டி நொபிலி இங்கே வந்தார். காவி கட்டிக்கொண்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, தத்துவ போதகர் என்று பெயரும் வைத்துக்கொண்டார். அப்புறம் வந்தவர் ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தர். 1693-ல் ஓரியூரில் உயிரை விட்டவர். ஞானஒளிவுபுரத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. கீழவெளி வீதிப் பக்கம் போனால் செயின்ட் மேரீஸ். எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடங்கள். அதனால் ‘ஃபாதர் ஸ்கூல்’ என்றாலே, ‘அடிச்சாவது ஆளாக்கிருவாங்க’ என்று மதுரைக்காரனுக்கு ஒரு நம்பிக்கை.

‘‘நுழைவுத் தேர்வெல்லாம் வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கே?’’ என்றார் என் ஆபீஸ் நண்பர். இருக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, பிள்ளையையோ பெற்றவர்களையோ வடிகட்டிச் சேர்க்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்கப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் சில இடங்களில், ‘பரீட்சைன்னு இல்லைங்க... சும்மா பையனை உட்கார வச்சுப் பார்ப்போம்’ என்பார்கள். அந்த ‘சும்மா’வுக்குத்தான் இவ்வளவு பாடு!

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சேர, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் தனியாக ஒரு தேர்வு எழுதிவந்தார்கள். சுருக்கமாக அதன் பெயர் ‘டாக்ஸ்’. அப்பாக்களுக்குக் கேட்கும்போதே பர்ஸ் நடுங்கும்!

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் வாத்தியார் அவதாரம் எடுத்தேன். பின்னம், தசமம், கடந்த காலம், எதிர்காலம்... பையனுக்குக் கொட்டாவி, எனக்குக் கோபம். ஒருநாள் ஏழெட்டு ஐம்பத்தாறை ஐம்பத்து நாலு என்றான். நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

அவன் அழவில்லை. நோட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே கேட்டான்:

‘‘பாஸ் ஆகலைன்னா என்னப்பா பண்ணுவ?’’

சுருக்கென்றது. எனக்கு 1991 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருஷம் இதே மாதிரி ஒரு பரீட்சையை நான் எழுதினேன். அப்பா மில் தொழிலாளி. ரிசல்ட் அன்று நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு, சைக்கிள் கேரியரில் என்னை வைத்து மிதித்துக்கொண்டு போனார். நோட்டீஸ் போர்டில் பெயர்கள் எல்லாம் இங்கிலீஷில். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

‘‘இதுல உன் பேரு எங்கடா இருக்கு?’’ என்றார்.

மேலிருந்து கீழே பார்த்தேன். ‘‘இல்லப்பா.’’

‘‘நல்லாப் பாருடா.’’

கீழிருந்து மேலேயும் பார்த்தேன். இல்லை. அப்பா கொஞ்ச நேரம் அந்த போர்டையே, தெரியாத எழுத்தையே, பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், ‘‘சரி வா’’ என்று தள்ளுவண்டியில் சூடாகப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அந்தப் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வேறு பள்ளியில் படித்து, வேலைக்கும் வந்துவிட்டேன்.

‘‘சொல்லுப்பா... என்ன பண்ணுவ?’’

‘‘பருத்திப்பால் வாங்கித் தருவேன்டா.’’

‘‘பாஸ் ஆயிட்டா?’’

‘‘அப்பவும் பருத்திப்பால்தான்.’’

‘‘ரெண்டுக்கும் ஒண்ணா? அப்ப எதுக்குப்பா கத்துற?’’ என்றான்.

பதில் தெரியவில்லை. நோட்டை மூடிவிட்டு இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போனோம். கூடல்நகர் பக்கமாக ரயில் போனது. ‘‘எண்ணுடா’’ என்றேன். பெட்டிகளை எண்ணினான். நான் ஒன்று, அவன் ஒன்று சொன்னோம். அவன்தான் சரியாக இருந்திருப்பான். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

இந்த வருஷம் அஞ்சாங்கிளாஸ் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். அஞ்சாவது புத்தகத்தையே ஒழுங்காகப் படித்தால் போதும். தினமும் பேப்பரில் ஒரு செய்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ராத்திரி சீக்கிரம் தூங்க விடுங்கள். முக்கியமாக, தோற்றால் என்ன செய்வோம் என்பதைப் பரீட்சைக்கு முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

பையன் ‘சும்மா’ எழுதிவிட்டு வெளியே வந்தபோது, ‘‘எப்படிடா?’’ என்றுகூட நான் கேட்கவில்லை. நேராகத் தள்ளுவண்டிக்குப் போனோம்.

‘‘ரெண்டு பருத்திப்பால்ண்ணே’’ என்றான் அவனே.

அப்பா எனக்கு ஒன்றுதான் வாங்கினார். அன்றைக்கு அவர் பையில் அவ்வளவுதான் இருந்திருக்கும் என்பது, டம்ளரைக் கையில் வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.